மருமகனின் ஏழு கிலோ

காத்தான்குடியில் ஒரு மருமகன் பெண் வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருசம் கழிந்தும் அவனுக்கு வண்டி, அதாவது தொந்தி, வைக்கவில்லை என்றால், குற்றம் அவன் வயிற்றின் மேல் விழாது. பெண்ணின் உம்மாவான மாமியின் மேல்தான் விழும். மாப்பிள்ளை தன் வீட்டை விட்டுவிட்டுப் பெண் வீட்டில் வந்து தின்று உறங்கும் ஊர் இது. அவன் வந்த அன்றைக்கே ஊர்ப் பெண்கள் கண்ணால் ஒரு தரம் நிறுத்துக்கொள்வார்கள். அடுத்த பெருநாளைக்கு இன்னொரு தரம். அந்தக் கண்களுக்கு ஐம்பது கிராம் பிசகாது. சேட்டுப் பொத்தான் ரெண்டு இழுத்துப் பிடித்தால் மாமி நல்லவள். வண்டி இடுப்புப் பட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் மாமி சொர்க்கத்துக்குப் போகிறவள். வயிறு தட்டையாகவே கிடந்தால் அவ்வளவுதான், அவள் பானையில் எது வெந்தாலும் வேகாததற்குச் சமன்.

ஸகியாவுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும். பாதிச் சட்டத்தை எழுதியவளே அவள்தான். இருபத்தைந்து வருசமாக அந்தத் தெருவுக்கு வந்த மருமக்கள் ஒருவர் மிச்சமில்லாமல் அவள் கண்ணில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். எதிர் வீட்டு முப்லிஹாவின் மருமகனைப் பார்த்து, "வாடைக் காத்துக்கு முந்தி ஒரு கயித்தால கட்டி வைங்க, வாவிக்க பறந்து போயிருவான்" என்று ஒரு சுன்னத்துக் கத்னா வீட்டில் வைத்துச் சொன்னதை முப்லிஹா இன்றைக்கும் மறக்கவில்லை.

சொல்வதற்கு ஸகியாவுக்குத் தகுதியும் இருந்தது. கலியாணத்தன்று நாற்பத்தெட்டுக் கிலோவாக வந்த புருசன் மஜீட்டை நூற்றுப் பத்தாக ஆக்கியவள் அவள். வவுணதீவு வயல் வட்டைகளில் நெல் வாங்கி அரிசிக்கடை நடத்தி, இப்போது கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிற மஜீட், ஓட்டோவில் ஏறினால் முன் சக்கரம் நிலத்தில் படுவதில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். படும். மனமில்லாமல் படும்.

இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்த மூத்த மருமகன்தான் ஹில்மி. ஓட்டமாவடிப் பிள்ளை, போன் திருத்துகிற கடையில் வேலை, குணத்தில் தங்கம். நிறையில் தங்கத்தைப் போலவே கொஞ்சம். கலியாணத்தன்று மாலையைப் போட்டதும் பையன் முன்னுக்குச் சாய்ந்தான். பின்னுக்கு நின்ற ரெண்டு பேர் கோட்டைப் பிடித்து நிமிர்த்தினார்கள். வீடியோவில் அது இருக்கிறது. முப்லிஹா அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் போட்டுப் பார்த்தாளாம்.

ஐம்பத்தொரு கிலோவாக வந்தவன், வருசம் ஒன்றாகியும் ஐம்பத்தொரு கிலோவாகவே இருந்தான். அதோடு போயிருந்தால் ஸகியா நாலு பேர் கண்ணில் படாமல் காலத்தைக் கடத்தியிருப்பாள். ஆனால் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஏறாவூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. ரெண்டாவது மகள் சப்னாவுக்குப் பேசிக்கொண்டிருந்த றிஸ்லானின் உம்மா பரீனா, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ரெண்டாம் ஞாயிறு பகல் சோற்றுக்கு வருகிறாளாம். மூத்த மருமகனும் வீட்டில் இருக்க வேண்டுமாம். அவனைப் பார்க்க வேண்டுமாம்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் வினை இருந்தது. பரீனா இதற்கு முந்தி ரெண்டு வீட்டுப் பேச்சை முறித்தவள். ரெண்டு வீட்டிலும் பெண்ணில் குறை சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த மருமக்களைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக்கூட முழுக்கக் குடிக்காமல் எழும்பிப் போனவள்.

றிஸ்லானும் சப்னாவும் கம்பஸில் ஒரே வகுப்பு. மறுகா என்ன, பெரியவர்களுக்குத் தெரியாத மாதிரிப் பெரியவர்கள் நடித்தார்கள். சப்னாவுக்கு நடிக்கத் தெரியாது. செய்தி வந்த அன்று குசினிக்குள் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

"உம்மா, என்ட கலியாணம் மச்சான்ட வயித்தில தொங்குது. நீங்கதான் பார்த்துச் செய்யணும்."

எண்பது நாள் இருந்தது. ஸகியா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

விடியச் சுபஹுத் தொழுகையோடு முட்டைக் கோப்பி. அது இறங்குமுன் தேங்காய்ப்பால் ஊற்றிய சவ்வரிசிக் கஞ்சி. பத்து மணிக்கு எருமைத் தயிர், மேலால் தேனாட்டம் பாணி, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில். பகலைக்கு நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும், வாவி இறால் பொரியலும், ஒரு பக்கத்தில் நண்டும். பின்னேரம் வட்டிலப்பம். ராவைக்கு ஆட்டுக்கால் சூப்பு, அதற்குள் கிடந்த எலும்பின் பருமனைப் பார்த்து மஜீட்டே இது ஆடுதானா என்று கேட்டார். குசினி அடுப்பு அந்த எண்பது நாளும் அணைந்ததாகச் சரித்திரம் இல்லை. புகை வாவிக்கு மேலால் போய்க் கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் பகலில் லைட் போட்டு ஓடின என்றுகூடச் சொல்லலாம், கேட்கிறவர்கள் மட்டக்களப்பு ஆட்கள் இல்லை என்றால்.

ஆனால் ஹில்மிக்கும் ரோசம் இருந்தது. மாலைக்குச் சாய்ந்த மனிசன் என்ற பெயர் அவனுக்கும் குத்தியது. மாமி அடுப்பைப் பற்ற வைத்த அதே கிழமை அவன் போய் ஜிம்மில் சேர்ந்தான். திரும்பி வரும்போது கையில் ஒரு கடதாசி. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரெண்டு குசினி.

ஸகியா அந்தக் கடதாசியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். ஒரு நாளைக்கு ஆறு தரம் தின்ன வேண்டும். அது சரி, அதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தின்ன வேண்டியவை? எட்டு முட்டை, அதில் ஆறுக்கு மஞ்சள் கூடாது. உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சு நூற்றைம்பது கிராம். ஓட்ஸ். அவித்த வத்தாளைக் கிழங்கு. கச்சான் கடலை. ஒரு வாளி மாதிரி டின்னில் புரோட்டீன் மா.

நூற்றைம்பது கிராம் என்ற இடத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றி விட்டாள். அந்த வீட்டில் கோழியை உருப்படியில் எண்ணிப் பழக்கமே தவிர, கிராமில் பேசிப் பழக்கமில்லை. மருமகன் அடுத்த நாள் சின்னத் தராசு ஒன்றை மேசையில் வைத்து, கோழித் துண்டை அதில் போட்டு, கூடிப்போன ஒரு நாரைப் பிய்த்து எடுத்ததை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். பொன் ஆசாரி கூட அப்படிச் செய்யமாட்டான். பிய்த்த நாரைப் பூனைக்குப் போட்டான். பூனை மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"உப்பில்லாத கோழியப் பூனையும் தின்னாது," என்று மகளிடம் சொன்னாள். "கோழி என்ன மடச்சியா, முட்டைக்க நடுவால மஞ்சள வைச்சிருக்கு? கோதையும் வெள்ளையையும் எறிஞ்சிட்டு மஞ்சளத் தின்னத்தான். இவரு தலைகீழாத் தின்றாரு."

மூத்த மகள் அஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்தப் பிள்ளை கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் சிரித்தது. புருசன் கறுத்து மெலிந்து கிடக்கையில் ஒருத்திக்கு எப்படிச் சிரிப்பு வரும் என்று ஸகியாவுக்கு விளங்கவில்லை.

அந்த மா டின்னை அவள் ஒரு நாள் திறந்து மணந்தாள். சுவருக்குப் பூசுவதற்கு முந்தி சுண்ணாம்பு இப்படித்தான் மணக்கும். அதைத் தண்ணீரில் போட்டு, போத்தலை மூடி, காய்ச்சல் மருந்தைக் குலுக்கிற மாதிரிக் குலுக்கி, அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். கண்ணை மூடிக் குடிக்கிற ஒன்று உடம்பில் எப்படி ஒட்டும்? தின்கிறவன் சாமானைப் பார்த்துத் தின்ன வேண்டும். சாமானும் அவனைப் பார்க்க வேண்டும்.

முகத்துக்கு முன்னால் ஹில்மி மாமியின் சோற்றைத் தட்டியதில்லை. அவ்வளவு மரியாதை. மரியாதைதான் வினை. பீங்கான் தட்டில் இறைச்சி காணாமல் போகும், சோறு அப்படியே மலை குலையாமல் இருக்கும். கடைக்குக் கட்டிக் கொடுக்கிற சோற்றுக் கரியர் மட்டும் நக்கினது போல வெறுமையாகத் திரும்பி வந்தது. அதில்தான் ஸகியா சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு நாள் அவள் போனுக்கு உறை மாற்ற அவன் கடைக்குப் போன இடத்தில் உடைந்தது. கடைக்கார முதலாளி, முந்தி ஒட்டகம் மாதிரி இருந்த மனிசன், இப்போது மேசைக்கும் சுவருக்கும் நடுவே இறுகி, எழும்ப முடியாமல் இருந்தபடியே சலாம் சொன்னார். மேசையில் அவளுடைய கரியரின் மூடி திறந்து கிடந்தது. ஊரில் யாரோ ஒரு முதலாளியின் மாமிக்கு இலவசமாக நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்து, அன்றைக்கு மட்டும் அடுப்பைத் திட்டினாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வந்ததும் ஹில்மியை நிறுப்பது வழக்கமாகியது. கடையை மூடினபோது மஜீட் கொண்டுவந்து விறாந்தையில் போட்ட மூட்டைத் தராசு அதற்கு உதவியது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பான், மஜீட் குண்டைத் தள்ளுவார், ஸகியா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்பாள். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தி நாலு. ஐம்பத்தியாறு. எண்பதாம் நாளுக்குக் கிட்டவாக ஐம்பத்தெட்டு.

ஏழு கிலோ. கேட்கச் சந்தோசம்தான். ஆனால் பார்க்க? நீளக்கை சேட்டும் சாரனுமாக அவன் தராசிலிருந்து இறங்கி நடக்கிறபோது அவள் மேலும் கீழும் பார்த்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது. வயிறு முந்தியைவிட உள்ளுக்குப் போயிருந்தது. ஏழு கிலோ என்றால் சும்மாவா? ஏழு கிலோ மாட்டிறைச்சியை மேசையில் வைத்தால் மேசை தெரியாது. அவ்வளவும் இந்த உடம்பில் எங்கே போய் ஒளித்துக்கொண்டது?

"உங்கட தராசு பொய் சொல்லுது," என்றாள் புருசனிடம்.

மஜீட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருசம் அரிசி நிறுத்த தராசு அது. அவளைத் தவிர வேறு யாரும் சொல்லியிருந்தால் அன்றோடு உறவு முறிந்திருக்கும். அவர் தானே ஏறிக் காட்டினார். நூற்றுப் பதினாலு. மருமகனுக்கென்று சமைத்ததில் நாலு கிலோ எங்கே போனது என்றாவது தெரிந்தது.

சனிக்கிழமை ராவு ஸகியா அஸ்மியாவைக் கூப்பிட்டு, ஒரு குளிக்கிற துவாயையும் ரெண்டு ஊக்கையும் கையில் கொடுத்தாள். மகள் கொஞ்ச நேரம் துவாயைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். அவருக்கு இதெல்லாம் தேவையில்லை உம்மா என்று இழுத்தாள். ஊருக்குத் தேவை என்றாள் ஸகியா.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஏறாவூர்க்காரர்களின் வேன் வந்து நின்றது. பரீனா இறங்கினாள், உயர்ந்த மனிசி, எதையும் ரெண்டு தரம் பார்க்கிற கண். அவள் புருசன் இறங்கினார். பிறகு றிஸ்லான். அவனைக் கண்டதும் ஸகியாவுக்குப் பொறாமை வந்தது. பையனுக்கு என்ன அருமையான வண்டி. உருண்டு, திரண்டு, சேட்டுக்குள் ஒரு முழுப் பூசணிக்காய் மாதிரி. கழுத்து மட்டும் முருங்கைக்காயாக இருந்தது. அந்தக் கழுத்தும் அந்த வயிறும் ஒரே ஆளுக்குச் சொந்தமில்லாத மாதிரி அவளுக்கு ஒரு கணம் பட்டது. இருபத்தைந்து வருச அனுபவம் அந்த இடத்தில் அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. ஆனால் மூத்த மருமகனைப் பற்றிய பயத்தில் இருந்தவளுக்கு அடுத்த வீட்டு மகனை நிறுக்க எங்கே நேரம்?

ஹில்மி வந்து கை கொடுத்தான். துவாய் தன் கடமையைச் செய்தது. பரீனா முன்னறை வாசலுக்கு இப்பால் நின்று அவனை மேலிருந்து கீழ் பார்த்தாள், கீழிருந்து மேல் பார்த்தாள், தலையை மெதுவாக ஆட்டினாள். ஸகியாவுக்கு மூச்சு வந்தது.

ஆண்கள் நாலு பேரும் கூடத்தில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெய்ச்சோற்று மலை, அதன் மேல் முழுக் கோழி. திரைச்சீலைக்குப் பின்னால் ஸகியாவும் பரீனாவும் அஸ்மியாவும். சப்னா அறைக்குள் இருந்தாள், கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

மூன்றாவது கவளத்தில் கரண்ட் போனது.

ஆனி மாதத்தில் மேற்கால் அடிக்கிற கச்சான் காற்று எப்படி இருக்கும் என்று மட்டக்களப்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, அடுப்பைத் திறந்துவிட்டு முகத்தை நீட்டினால் போதும். காற்றாடி நின்றதும் கூடம் சுட்டது. மஜீட்டுக்கும் றிஸ்லானின் வாப்பாவுக்கும் சாதாரணமாக வேர்த்தது. ஹில்மிக்கும் றிஸ்லானுக்கும் அப்படியல்ல. ரெண்டு பேரும் வாவியில் முங்கி எழும்பியவர்கள் மாதிரி ஒழுகினார்கள். சோற்றில் கை வைக்கவில்லை. கோழியின் நெஞ்சை மட்டும் ஒருவன் இந்தப் பக்கத்தாலும் மற்றவன் அந்தப் பக்கத்தாலும் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஹில்மி இறைச்சிக்கு எட்டிக் குனிந்தபோது ஒரு ஊக்கு விட்டுக்கொடுத்தது. வண்டி மெல்ல நகர்ந்து இடப்பக்க இடுப்பில் போய்க் குந்தியது. சேட்டுக்குக் கீழால் நீலக் கோடு போட்ட ஒரு முனை எட்டிப் பார்த்தது.

றிஸ்லான் அதைப் பார்த்தான். தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, பக்கத்தில் குனிந்து மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் காற்றாடி ஓடாத வீட்டில் மெதுவாகக் கேட்பதும் பள்ளிவாசல் மைக்கில் கேட்பதும் ஒன்றுதான்.

"மச்சான், உங்களுக்கும் துவாயா?"

ஹில்மி ஒரு கணம் மாமி நிற்கும் திரையைப் பார்த்தான். மறுகா, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, சொல்லிவிட்டான்.

"ஒண்டுதான். உங்களுக்கு?"

"ரெண்டு. உம்மா விடல்ல."

சப்னாவின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. எதிர் வீட்டு முப்லிஹாவின் சிரிப்பு ஸகியாவுக்கு இப்போதே காதுக்குள் கேட்டது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். ரெண்டு பேச்சை முறித்த பரீனா நிலத்து ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியதும் பரீனாதான். அவள் குரல் வந்த நேரத்தில் இருந்த குரல் இல்லை. தங்கச்சி, நான் உங்கட மருமகனில் குறை பிடிக்க வரவில்லை என்றாள். இந்த ஒற்றைப் பிள்ளைக்கு இருபத்தெட்டு வருசமாக ஊட்டுகிறேன், ஒரு பிடி ஒட்டவில்லை, ஏறாவூரில் தலை காட்ட முடியவில்லை என்றாள். இவனும் ஒரு வருசமாக ஜிம்முக்குப் போகிறானாம், போய் இரும்பைத் தூக்குகிறானாம், இரும்புதான் இவனைத் தூக்குகிறது என்றாள். மருமக்களுக்குச் சதை வைக்கத் தெரிந்த ஒரு வீட்டில் இவனைக் கொண்டுபோய் விடத்தான் வீடு வீடாகப் பார்க்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை ஒற்றினாள்.

"உங்கட வீட்டப் பத்திப் பெரிசாக் கேள்விப்பட்டுத்தான் வந்தன்," என்றாள். "இங்கயும் துவாய்தானா?"

அது கேள்வி இல்லை, எழும்பிப் போவதற்கு முந்திச் சொல்கிற சொல் என்று ஸகியாவுக்கு விளங்கியது.

கூடத்தில் மஜீட் அந்த நேரத்தில்தான் ஒரு நல்ல காரியம் செய்தார். ரெண்டு பேரும் மயங்கி விழுந்து தொலையப் போகிறார்கள், வெளியே போய் அந்தக் கந்தல்களைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று துரத்தினார். பெண்கள் நின்ற பக்கத்துக் குசினி யன்னலுக்கு நேரே கிணற்றடி. ரெண்டு பையன்களும் சேட்டையும் துவாய்களையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெனியனோடு வாளியை எடுத்தார்கள்.

றிஸ்லான் கொடியில் காயப்போட்ட பெனியன் மாதிரி இருந்தான். பக்கத்தில் ஹில்மி வாளியை உயர்த்தித் தலையில் ஊற்றினான். நனைந்த துணி உடம்போடு ஒட்டியது. தோள் ரெண்டும் தேங்காய் ஒளித்து வைத்தது போல. கை மடிந்தபோது மேற்கையில் ஒரு கட்டி எழும்பியது. நெஞ்சு ரெண்டாகப் பிரிந்து நின்றது. வயிறு தட்டைதான், ஆனால் அது பசித்த வயிற்றின் தட்டை இல்லை. பலகை மாதிரித் தட்டை. மாமிக்கு முன்னால் நீளக்கை சேட்டில்லாமல் வராத பிள்ளையை ஒரு வருசத்தில் அவள் இப்படிக் கண்டதில்லை. அஸ்மியா எதற்கெடுத்தாலும் சிரித்ததன் காரணமும் அந்த யன்னலோடு சேர்ந்து திறந்தது.

ஏழு கிலோவும் அங்கே இருந்தது. ஒரு கிராம் குறையாமல் இருந்தது. மடையன், ஊர் பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு ஒருத்தரும் பார்க்காத இடங்களில் வைத்திருக்கிறான்.

றிஸ்லான் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஹில்மியின் மேற்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, எனக்கும் இது வேண்டும் என்கிற கண்ணோடு உம்மாவைப் பார்த்தான்.

"எத்தின மாசத்தில இது?" பரீனாவின் குரல் மாறியிருந்தது.

"எண்பது நாள்," என்றாள் ஸகியா. "ஏழு கிலோ. சந்தேகமெண்டா விறாந்தையில தராசிருக்கு, ராத்தா."

"என்னத்தக் குடுத்தீங்க?"

ஸகியா உப்பில்லாத கோழியை நினைத்தாள். சுண்ணாம்பு மணக்கிற மாவை நினைத்தாள். கடை முதலாளியை நினைத்தாள். கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சப்னாவையும் நினைத்தாள். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, இப்படி ஒரு கேள்விக்கு இதைவிட வேறு பதில் இருக்கிறதா என்ற முகத்தோடு சொன்னாள்.

"வேற என்ன? என்ட சோறுதான்."

அஸ்மியாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. உம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றது.

பரீனா இலேசில் விடுகிறவள் இல்லை. அப்படியானால் துவாய் எதற்கு என்றாள்.

"அது இந்த ஊருக்கு," என்றாள் ஸகியா. "இந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு மாப்பிள்ளையெண்டா வயிறு மட்டும்தான் தெரியும், ராத்தா. தோள் ஒண்டு இருக்கெண்டு தெரியாது, நெஞ்சு ஒண்டு இருக்கெண்டு தெரியாது. அறிவில்லாத சனம். அதுகளுக்கு ஒரு துவாய் போதும்."

அந்தச் சனத்துக்கு இருபத்தைந்து வருசம் தலைமை தாங்கியவள் சொல்கிறாள் என்று தெரியாமல், பரீனா முதன்முதலாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடத்துக்கு எட்டிப் பார்த்து, ஆண்கள் விட்டுப் போன சஹனை இங்கே தள்ளச் சொன்னாள். சோற்று மலை அப்படியே இருந்தது. ரெண்டு உம்மாமாரும் அதற்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நாலு கவளம் இறங்குமுன் நிக்காஹ்வை அடுத்த மாதம் வைத்தால் என்ன என்று பரீனா வாய் நிறையச் சோற்றோடு கேட்டாள். எண்பது நாளில் தன் பிள்ளைக்கும் அதே ஏழு கிலோ ஏற வேண்டும் என்றாள். ஏறாவிட்டால் என்னிடம் கேளுங்கள் என்றாள் ஸகியா, கொஞ்சமும் கூசாமல்.

உள் அறைக் கதவு திறந்தது. யாரோ ஓடுகிற கால் சத்தம் கேட்டது.

ஸகியா அகப்பையை எடுத்து இன்னும் சோற்றை அள்ளினாள். போதும் தங்கச்சி, வயிறு முட்டிப் போச்சு என்று பரீனா தன் பக்கத்துச் சோற்றைக் கையால் மூடினாள். ஸகியா கையோடு சேர்த்துக் கொட்டினாள்.